தெருவும் தயாராக வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த தொற்றுநோய்க்கு மருத்துவமனைகள் தயாரா என்று அலசியிருந்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். படுக்கை, ஆக்சிஜன் கணக்கெல்லாம் இருந்தது. தெரு தயாரா என்ற கேள்வியை மட்டும் காணோம்.

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு மருத்துவர்களுக்காக ஊரே கை தட்டியது. எங்கள் தெருவில் தாம்பாளத்தைத் தட்டியவர்களும் உண்டு. அப்புறம் நாலே வாரம். ஏப்ரல் 19 அன்று, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் கூட்டம் மறித்தது. கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்பு கிளம்பியதால் அண்ணாநகர் வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு அடி. கடைசியில் நள்ளிரவில், சக மருத்துவர் பிரதீப் குமார் தானே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியிருந்தது.

ஒரே வாரத்தில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இத்தகைய அடக்கத்தைத் தடுத்தால் 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. சரி, வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூட்டம் வானத்திலிருந்து குதித்ததல்ல. முறைப்படி உறையில் சுற்றி ஆழமாகப் புதைத்த உடலிலிருந்து அக்கம்பக்கத்துக்கு நோய் தொற்றாது என்ற விளக்கம் தெருவுக்கு வருமுன் வதந்தி வந்துவிட்டது.

பயத்துக்கு நாமே பழக்கமும் கொடுத்தோம். அந்த ஆண்டு எங்கள் தெருவில் தொற்று வந்த ஒரு வீட்டு கேட்டை மறைத்துத் தகரம் அடித்தார்கள். ஆணி அடிக்கும் சத்தத்துக்கு எல்லா மொட்டை மாடியிலும் தலைகள். ஆம்புலன்ஸில் ஏறிய பெரியவரை எதிர்வீட்டுக்காரர் செல்போனில் படம் பிடித்தார். அவர் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் வீடியோ தெரு வாட்ஸ்அப் குழுவில். "யார் யார் அந்த வீட்டுக்குப் போய் வந்தீங்க, லிஸ்ட் போடுங்க" என்று ஒருவர் கேட்க, ஆளாளுக்கு அடுத்தவர் பெயரைப் போட்டார்கள். தனக்குத் தொற்றே இல்லை என்று பரிசோதனை முடிவைக் காட்டிய பிறகும், அந்த வீட்டில் வேலை பார்த்த அம்மாவை மற்ற வீடுகள் மாதக்கணக்கில் கூப்பிடவில்லை. இத்தனைக்கும் படித்தவர்கள் நிறைந்த தெரு!

உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உத்தரவிட்டால் ஒழிய நோயாளிகள் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில். அதற்குள் எத்தனையோ வாசல்களில் ஒட்டிக் கிழித்தாயிற்று.

அடுத்த முறை ஒரு வீட்டைத் தனிமைப்படுத்துமுன், சுகாதாரப் பணியாளர் இரு பக்கத்து வீடுகளிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசட்டும்: எது தொற்றும், எது தொற்றாது, அந்த வீட்டுக்குப் பாலும் மருந்தும் யார் வாங்கிக் கொடுப்பது. நோயாளியின் பெயரை வெளியிடுவோர்மீது நடவடிக்கை இருக்கட்டும். இடுகாட்டுக்கு உடல் வருவதற்கு முன்பே வார்டு கவுன்சிலரும் ஒரு அரசு மருத்துவரும் வாசலில் நின்று, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லட்டும். போலீசை அதற்கு அப்புறம் அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை