ஹால்சாண்ட்ஸைக் கடல் மட்டும் அழிக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த இங்கிலாந்துக் கடற்கரைப் பயணக் கட்டுரையைப் படித்தேன். டெவன் தென்கரையைப் பற்றித் தமிழில் யாராவது எழுதமாட்டார்களா என்று இருந்தவனுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஹால்சாண்ட்ஸ் கிராமத்துக்குக் கிடைத்தது ஒரே பத்தி. அதிலும் அது ஒரே இரவில் கடல் விழுங்கிய ஊராம். கடலை ஒட்டி வீடு கட்டினால் வேறென்ன ஆகும் என்று ஒரு கேள்வி வேறு. பிளிமத்தில் குடியிருக்கும் நான் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஹால்சாண்ட்ஸ் கரையின் கல் வந்து சேர்ந்த இடம் எங்கள் ஊர்தான்.

1891 குடிக்கணக்குப்படி அங்கே 37 வீடுகள், 159 பேர். பெரும்பாலும் நண்டு பிடிக்கிற குடும்பங்கள். 'லண்டன் இன்' என்று ஒரு மதுக்கடையும் உண்டு. படகு திரும்பும்போது அலையைத் தாண்டி நீந்திப்போய்க் கயிற்றின் நுனியைக் கவ்விக்கொண்டு வர நியூஃபவுண்ட்லாந்து நாய்களைப் பழக்கி வைத்திருந்தார்கள். வீடுகள் நின்றது பாறைத் திட்டின் மேல். அவற்றுக்கு முன்னால் அகலமான கூழாங்கல் கரை. எத்தனையோ புயல்கள் அந்தக் கல்லில் மோதி ஓய்ந்திருக்கின்றன. யோசிக்காமல் கட்டிய வீடுகள் அல்ல அவை.

1890களில் பிளிமத்தின் கீஹாமில் கடற்படைக் கப்பல் தளத்தை விரிவாக்கும் வேலை தொடங்கியது. கான்கிரீட்டுக்குக் கல்லும் மணலும் மலைமலையாக வேண்டும். ஒப்பந்தக்காரரான சர் ஜான் ஜாக்சனுக்கு, ஹால்சாண்ட்ஸை ஒட்டிய ஸ்டார்ட் விரிகுடாவில் சரளை அள்ள அரசாங்கமே உரிமம் கொடுத்தது. 1897இல் அள்ளத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு 1,600 டன் வரை போயிற்று. மீனவர்கள் உடனே எதிர்த்தார்கள். விசாரணை நடந்தது. ஊருக்கு ஆபத்து வர வாய்ப்பில்லை என்று முடிவு சொன்னார்கள். அள்ளிய இடத்தைக் கடல் தானே நிரப்பிவிடும் என்பது பொறியாளர்களின் கணக்கு.

அந்தக் கணக்குதான் பிழை. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது ஒதுங்கிய பழங்கல் அது. புதிதாகக் கொண்டுவந்து சேர்க்க ஆறும் இல்லை, நீரோட்டமும் இல்லை. வரவே இல்லாத கணக்கிலிருந்து செலவு செய்த கதைதான். 1900இல் கரை இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. நவம்பரில் ஊரார் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதினார்கள். 1901 செப்டம்பரில், அரசின் வர்த்தக வாரிய ஆய்வாளர், இன்னும் பலத்த புயல் வந்தால் பெருஞ்சேதம் ஆகும், அள்ளுவதை நிறுத்துங்கள் என்றார். அதற்குப் பிறகும் சில மாதங்கள் இழுத்தடித்து, 1902 ஜனவரி 8 அன்றுதான் உரிமத்தை ரத்து செய்தார்கள். அதற்குள் ஆறு லட்சம் டன்னுக்கு மேல் போய்விட்டது.

பிறகு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். கரை போன பிறகு சுவர் எத்தனை நாள் தாங்கும்? 1917 ஜனவரி 26 அன்று கிழக்கிலிருந்து பெரும் புயல். அந்த விரிகுடா பார்த்திருப்பதே கிழக்கை. ஓதமும் அன்று உச்சத்தில். உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஆண்டு முடிவதற்குள் குடியிருக்கத் தகுந்த வீடு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. இழப்பீட்டுக்கு ஊரார் ஏழு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. கப்பல் தளமோ 1907இலேயே திறப்பு விழா கண்டுவிட்டது.

இடிந்த சுவர், அலை, மூடுபனி என்றால் பயணக் கட்டுரைக்குக் கனகச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகைகளும் 'பேய்க் கிராமம்' என்றுதான் தலைப்பு வைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. உரிமம் கொடுத்த தேதியும் ஊரார் எழுதிய முறையீடுகளும் பதிவில் இருக்கும்போது எல்லாவற்றையும் புயலின் தலையில் கட்டுவது நியாயமா? அந்த ஊரின் மரபு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இடிபாட்டுக்கு முன் அந்த முறையீடுகளைத்தான் சொல்வேன்.

ஊர் போனாலும் மனிதர்கள் போய்விடவில்லை. எலிசபெத் பிரெட்டிஜான் என்ற பெண்மணி அந்தக் கடைசி வீட்டிலேயே 1964இல் இறக்கும்வரை வாழ்ந்தார். பார்க்க வருகிறவர்களிடம் நடந்ததை அவரே சொல்வாராம். அதே ஊரில் நண்டு பிடித்து வாழ்ந்த எல்லா ட்ரௌட் என்ற பெண், 1917 செப்டம்பரில், ஊர் அழிந்த அதே ஆண்டில், தாக்குண்டு மூழ்கிய கப்பலின் மாலுமி ஒருவரைத் தன் படகில் காப்பாற்றி அரசு விருது பெற்றார். இவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

கட்டுரையைப் பின்னாளில் நூலாகத் தொகுப்பதானால் அந்தப் பத்தியைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். நேரில் போக நினைக்கும் வாசகர்களுக்கு: பீசாண்ட்ஸிலிருந்து கடற்கரை நடைபாதையில் தெற்கே நடந்தால் ஹால்சாண்ட்ஸ் வரும். 2012இல் நிலம் சரிந்ததால் இடிபாடுகளுக்குள் இறங்க முடியாது. மேலே உள்ள மேடையிலிருந்துதான் பார்க்க வேண்டும். அள்ளிக்கொண்டு போன கல்லைக் கீஹாமில் பார்க்கலாமென்றால் அதுவும் நடக்காது. அந்தத் தளம் இன்றும் கடற்படையின் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிளிமத், இங்கிலாந்து