பரணில் தொங்குவதெல்லாம் சரக்கு அல்ல: மலைப்பூண்டு விற்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஊர்களிலிருந்து இணையத்தில் மலைப்பூண்டு விற்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

போன ஐப்பசி மழையில் நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். கையில் அரைக்கிலோ பை 12 இருந்தது. இரண்டு இணையச் சந்தைகளில் கடை வைத்திருக்கிறேன். இரண்டிலுமே ஸ்டாக் 12 என்று போட்டுவிட்டேன். ஒன்றில் விற்கும்போது இன்னொன்றில் குறைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. சனிக்கிழமை ராத்திரி காற்றுமழையில் கரண்ட் போனது, டவரும் போனது. ஞாயிறு மதியம் சிக்னல் வந்தபோது போனில் 21 ஆர்டர் நின்றது. ஒன்பது பேருக்குக் கொடுக்கப் பூண்டு இல்லை.

தெரிந்தவர் ஒருவர் சொன்னார்: "கீழே இறங்கி வெளிமாநிலப் பூண்டு ஒரு மூட்டை எடுத்துட்டு வந்து போட்டுடு. வாங்குறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" நான் போடவில்லை. ஒன்பதையும் கேன்சல் செய்தேன். ஒரு சந்தையில் என் கடையை மூன்று வாரம் முடக்கி வைத்தார்கள். அந்த மூன்று வாரமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது என் நஷ்டத்தை அல்ல, அவர் சொன்ன யோசனையைத்தான். அதைக் கேட்டபோது ஒரு நிமிடம் எனக்கும் மனசு ஆடியது உண்மை.

2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த மலையில் விளைந்ததற்கு மட்டுமே இந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் நாம் விலை சொல்கிறோம். இல்லாத ஸ்டாக்கை இருப்பதாகப் போட்டவருக்கு ஆர்டர் வந்ததும் இரண்டே வழிதான்: கேன்சல் அல்லது கலப்படம். கேன்சல் செய்தால் தண்டனை உண்டு. அமேசானில் நாமே அனுப்பும் ஆர்டர்களில் நம் பக்கத்துக் கேன்சல் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வாரத்துக்கு 40 ஆர்டர் பார்க்கும் நமக்கு ஒரே ஒரு கேன்சலில் அந்த எல்லை வந்துவிடும். கலப்படமோ உடனே யார் கண்ணிலும் படாது. அதனால்தான் பயப்படுகிறேன். ஸ்டாக் கணக்கு தப்புகிற இடத்தில்தான் கலப்படம் நுழைகிறது.

நம்மில் பலர் பரணை அண்ணாந்து பார்த்து ஸ்டாக் போடுகிறோம். என் மச்சினன் வீட்டில் அடுப்புக்கு மேலே கட்டுக் கட்டாகத் தொங்கும். புகை ஏறித் தோல் பழுப்பு நிறமாகியிருக்கும், தொட்டால் விரலில் அந்த வாசனை ஒட்டிக்கொள்ளும். பார்க்க ஏராளம். ஆனால் அதில் நல்ல பெரிய பல்லாக உள்ள கட்டெல்லாம் அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டு. அதற்கு நாம் ஆசைப்படக் கூடாது. விலை ஏறினால் மீதியையும் அவர் வேறு வியாபாரிக்குக் கொடுக்கலாம், அது அவர் உரிமை. காசு கொடுத்து, எடை போட்டு, நம் பெயர் எழுதிக் கட்டியது மட்டுமே நம் சரக்கு.

எடை போட்டதும் அப்படியே நிற்காது. பூண்டு காயக் காய எடை இறங்கும். முன்பெல்லாம் வேலை மிச்சம் என்று அரைக்கிலோ அரைக்கிலோவாக முன்கூட்டியே பையில் போட்டு அடுக்கிவிடுவேன். இரண்டு மாதம் கழித்து அதிலிருந்து ஒரு பையை மதுரைக்கு அனுப்பினேன். வாங்கிய அம்மா சமையல்கட்டுத் தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்: 462 கிராம். ஒரு வார்த்தை திட்டவில்லை, படம் மட்டும்தான். அன்றிலிருந்து ஆர்டர் வந்த பிறகே எடை போட்டு வலைப்பையில் கட்டுகிறேன். 15 நாளுக்கு ஒருமுறை மொத்தத்தையும் மறுபடி நிறுத்து, இறங்கிய எடையை இணையத்திலும் குறைத்துவிடுகிறேன்.

இரண்டு மூன்று இடத்தில் விற்பவர்கள் இருப்பதைப் பிரித்துப் போடுங்கள். 12 பை இருந்தால் ஒன்றில் 6, இன்னொன்றில் 4. மீதி இரண்டு பை வீட்டிலேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் கரண்டையும் டவரையும் நம்பிக் கணக்கு வைக்க முடியாது. ரிட்டர்ன் வந்த பூண்டு எத்தனை நாள் எந்த கோடவுன் வெக்கையில் கிடந்ததோ, அதைத் திரும்ப ஸ்டாக்கில் ஏற்றாதீர்கள். நல்லதைப் பொறுக்கி வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஸ்டாக் தீர்ந்தால் பூஜ்யம் போடக் கூச்சப்படாதீர்கள். இன்று காலை நிறுத்துப் பார்த்தேன். காசு கொடுத்து முடித்தது 86 கிலோ இருக்கிறது. இணையத்தில் 60 கிலோவுக்குத்தான் போட்டிருக்கிறேன். அது தீர்ந்ததும் வாட்ஸ்அப்பில் என்னிடம் கேட்டு வருகிறவர்களை உங்களிடம் அனுப்புகிறேன். உங்கள் பரணில் எடை போட்டது எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பூம்பாறையிலிருந்து உங்களில் ஒருவன்