அந்த ஸ்டிக்கர் சார்ட்ட செவுத்துல இருந்து எடுத்துருங்க டீச்சர்

நம்ம எல்.பி. ஸ்கூல் (ஆரம்பப் பள்ளி) ஹெச்.எம். டீச்சருக்கும், பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கமிட்டிக்காரங்களுக்கும், எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) மெம்பருங்களுக்கும் வணக்கமுங்க.

நான் கேரளா எல்லைல பாலக்காட்டுப் பக்கம் இருக்கற நம்ம ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ் தமிழ் டிவிஷன்ல படிக்கற ஒரு பையனோட அம்மா. யாருன்னு உங்களுக்குத் தெரியும், போன வாரம் ஆபீஸ் ரூம் வாசல்ல அரை மணி நேரம் நின்னுட்டுப் போனேனே, அவதான். அன்னிக்கு நீங்க பிஆர்சி (வட்டார வள மையம்) மீட்டிங்குக்கு கெளம்பிட்டு இருந்தீங்க, "எழுதிக் குடுங்கம்மா பாக்கலாம்"னு சொன்னீங்க. சரின்னு எழுதறேன். ஆனா இது என் பையன் ஒருத்தனோட விசயம் இல்லைங்கறதால எல்லா அம்மா அப்பாவும் படிக்கற மாதிரியே எழுதறேன், தப்பா நெனைக்காதீங்க. ஸ்கூல் பேரையோ டீச்சர் பேரையோ எங்கயும் போடல, போடவும் மாட்டேன்.

கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். போர்டுக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கற அந்த 'நல்ல நடத்தை' சார்ட்ட எடுத்துருங்க.

சார்ட்டு எப்படி வந்துச்சு எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. புள்ளைங்க சத்தம் போடறாங்க, ஒருத்தன ஒருத்தன் தள்றாங்க, ஒரே ரூம்ல இத்தன பேர மேய்க்கறது லேசுப்பட்ட வேலை இல்ல, எனக்குப் புரியுது, வீட்ல ரெண்ட வெச்சுட்டே நான் படற பாடு எனக்குத் தெரியும். ஒழுங்கா இருந்தா பச்சை ஸ்டிக்கர், இல்லாட்டி செவப்பு, வாரத்துல 3 செவப்பு ஆச்சுன்னா வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வெளயாட விடாம வராண்டால உக்கார வெக்கறது. சொல்லும்போது நல்லாத்தான் இருக்கு. நானும் மொத மீட்டிங்ல தலைய ஆட்டுனவதான்.

போன செவ்வாய்க்கிழமை பொழுதோட அவன் டவுசரைத் தொவைக்க எடுத்தப்ப ஜோப்புக்குள்ள ஏதோ மொளகு மாதிரி உருண்டை உருண்டையா கைல பட்டுச்சு. எடுத்துப் பாத்தா செவப்பு ஸ்டிக்கரு, மூணு, நகத்தால சொரண்டி எடுத்து சுருட்டி வெச்சிருக்கான், கூடவே சார்ட்டு பேப்பரும் கொஞ்சம் கிழிஞ்சு ஒட்டிட்டு இருந்துச்சு. என்னடா இதுன்னு கேட்டா மொதல்ல வாயே தொறக்கல. அப்பறம் சொன்னான், "செவுத்துல இருந்தா எல்லாரும் பாக்கறாங்கம்மா, ஜோப்புல இருந்தா யாரும் பாக்க மாட்டாங்கல்ல". ஏழு வயசுங்க அவனுக்கு. வாளித் தண்ணிகிட்ட அப்படியே உக்காந்துட்டேன்.

அடுத்த நாளு கிழிஞ்ச சார்ட்டப் பாத்துட்டு அவன அசம்பிளில எல்லாத்துக்கும் முன்னாடி நிக்க வெச்சு, திருடறது தப்புன்னு அவன் வாயாலயே மூணு தடவை சொல்ல வெச்சாங்க. எதைத் திருடுனான் டீச்சர்? அவன் பேருக்கு நேரா ஒட்டுனதத்தான எடுத்தான். சார்ட்டக் கிழிச்சது தப்புதான், நான் இல்லைன்னு சொல்லல, என்கிட்ட சொல்லியிருந்தா புது சார்ட்டு பேப்பர் வாங்கிக் குடுத்து அவனையே கோடு போட வெச்சிருப்பேன். அன்னில இருந்து மத்த புள்ளைங்க அவன "செவப்பன்"னு கூப்பிடுதுங்க. காலைல ஆனா வயித்து வலிங்கறான், ஞாயித்துக்கிழமை வலிக்கறதில்ல. முந்தாநேத்து நான் கண்ணாடி முன்னாடி நின்னு பொட்டு வெச்சுட்டு இருந்தேன், எப்பவும் வெக்கற செவப்பு ஸ்டிக்கர் பொட்டுதான், பின்னாடி இருந்து பாத்துட்டே இருந்தவன் "அம்மா நீ அது வெக்காத"ன்னான். எடுத்துப் போட்டுட்டேன். இப்ப குங்குமம்தான் இட்டுக்கறேன், அதுவும் அவன் ஸ்கூலுக்குப் போனதுக்கப்பறம்.

இனி அந்த மூணு செவப்பும் எதுக்குன்னு பாருங்க.

மொதல் செவப்பு லேட்டா வந்ததுக்கு. எங்க வீட்டுக்காரரு கள்ளு வண்டி ஓட்டறாரு, விடியக்காலம் பாலக்காட்டு சித்தூர் பக்கத்துத் தோப்புல லோடு ஏத்திட்டு தெக்க போனா மத்தியானம் ஆயிரும் திரும்பறதுக்கு, அதனால புள்ளைய நாந்தான் பஸ்ஸேத்தி விடறேன். எங்க ஊருக்கு அந்த நேரத்துக்கு ஒரே பஸ்ஸு, அன்னிக்கு அது வரல, தோப்பு வழியா நடந்தே கூட்டிட்டு வந்தேன். லேட்டானது நான். ஸ்டிக்கரு அவனுக்கு.

ரெண்டாவது, எப்பப் பாத்தாலும் பக்கத்துப் பையன் நோட்ட எட்டிப் பாக்கறான்னு. இதுல என் தப்பும் இருக்கு, வீட்ல டிவிக்கு கிட்டப் போயி உக்காருவான், அப்பவே நான் ரோசனை பண்ணியிருக்கோணும். இந்த சனிக்கிழமை பொள்ளாச்சி கூட்டிட்டுப் போயி கண்ண டெஸ்ட் பண்ணுனேன், தூரப் பார்வை கம்மி, கண்ணாடி போட்டே ஆகோணும்னு சொல்லிட்டாங்க. கடைசி பெஞ்சுல இருந்து அவனுக்கு போர்டே தெரிஞ்சதில்லைங்க. தெரியாததுனாலதான் பக்கத்து நோட்டப் பாத்து எழுதியிருக்கான்.

மூணாவது, சொன்னபடி கேக்கலைன்னு. இதைத்தான் நான் கொஞ்சம் விரிவா சொல்லோணும். தமிழ் டிவிஷன்ல தமிழ் டீச்சர் போஸ்ட் காலியாவே கெடக்கு, இப்ப இருக்கறவங்க தினக்கூலிக்கு வந்த மலையாளி டீச்சர். நல்லவங்கதான், அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, நாளைக்கு வேலை இருக்கான்னு தெரியாம வந்துட்டுப் போறவங்க மேல கோவப்பட்டு என்ன பண்றது. அன்னிக்கு அவங்க இவன் கைல ஒரு பேப்பரக் குடுத்து "இது களஞ்ஞிட்டு வா"ன்னு சொல்லியிருக்காங்க. எங்க பையன் ஆறு வயசு வரைக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுல எங்க அம்மா வீட்லயே வளந்தவன், அம்மிச்சி பேசற தமிழத் தவிர வேற தெரியாது. களையறதுன்னா வயக்காட்டுல களையெடுக்கறதுன்னுதான் அவனுக்குத் தெரியும், தூக்கிப் போட்டுட்டு வான்னு அர்த்தம்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பேப்பரைக் கைல வெச்சுட்டு நின்னுட்டே இருந்திருக்கான். சார்ட்டுல காரணம்ங்கற கட்டத்துல "அனுசரண இல்ல"ன்னு எழுதியிருந்துச்சு. மலையாளத்துல அது கீழ்ப்படியாதவன்னு அர்த்தமாம், எனக்கும் அப்பறம்தான் ஒருத்தரு சொன்னாங்க. நாம அனுசரணைன்னா ஆதரவா நடந்துக்கறதச் சொல்லுவோம், இவனுக்கு அனுசரணையா அங்க யாரும் இல்லைன்னு எழுதியிருக்காங்கன்னு நெனச்சு அந்தக் கட்டத்தையே பாத்துட்டு நின்னேன்.

மூணு செவப்புல ஒண்ணு பஸ்ஸுக்கு, ஒண்ணு கண்ணுக்கு, ஒண்ணு பாஷைக்கு. புள்ளையோட நடத்தைக்குன்னு ஒட்டுனது எது டீச்சர், நீங்களே சொல்லுங்க. அதனாலதான் திரும்பவும் கேக்கறேன், அந்த சார்ட்ட எடுத்துருங்க.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. செவ்வாய்க்கிழமையே மூணு செவப்பு வாங்கிட்டவனுக்கு புதனும் வியாழனும் ஒழுங்கா இருந்து என்ன கெடைக்கப் போகுது? வெள்ளிக்கிழமை எப்படியும் வராண்டாதான். வெளயாட்ட நிறுத்தறதுதான் எனக்குச் சுத்தமா ஏத்துக்க முடியல, துறுதுறுன்னு இருக்கற புள்ளைக்குத்தான் ஓடியாடறது ரொம்பத் தேவை, அத நிறுத்திட்டு அடக்கமா இருன்னா எப்படி இருப்பான். அமைதியா இருக்கற புள்ளைங்க ஸ்டிக்கர் இல்லாட்டியும் அமைதியாத்தான் இருக்கும், அந்தப் புள்ளைங்களும் பாவம், எங்க செவப்பு விழுந்துருமோன்னு ஒண்ணுக்கு வந்தாக்கூட கேக்காம அடக்கிட்டு உக்காந்திருக்கறதா ஒரு அம்மிணி அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கு.

இதெல்லாம் தெரியாத ஸ்கூல் இல்ல நம்ம ஸ்கூலு. போன வருசம் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்த டீச்சர் எப்படி வெச்சிருந்தாங்கன்னு எல்லாத்துக்கும் தெரியும். காலைல கிளாஸ் வாசப்படிலயே நிப்பாங்க, ஒவ்வொரு புள்ளையும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு உள்ள விடுவாங்க, மூஞ்சி வாடியிருந்தா சாப்டியான்னு கேப்பாங்க. சோத்துக்குக் கை கழுவற பைப்புகிட்ட எப்பவும் தள்ளுமுள்ளு, அவங்க ஒரு வாரம் பூரா தெனமும் கூடவே போயி எப்படி லைன்ல நிக்கறது எப்படி அடுத்தவனுக்கு வழி விடறதுன்னு பாட்டு மாதிரி சொல்லிக் குடுத்தாங்க, அதுக்கப்பறம் சத்தமே இல்ல. "நீ நல்ல பையன்"னு மொட்டையா சொல்ல மாட்டாங்க, "அவனுக்கு முன்னாடி வழி விட்டியே, அது எனக்குப் பிடிச்சுது"ன்னு செஞ்சதச் சொல்லுவாங்க. ஒரு தடவ என் பையனும் இன்னொருத்தனும் பென்சிலுக்கு அடிச்சுக்கிட்டாங்க, ரெண்டு பேரையும் தனியா கூட்டிட்டுப் போயி ஒருத்தன் பேசும்போது இன்னொருத்தன் குறுக்க பேசக்கூடாதுன்னு சொல்லி ரெண்டு பக்கமும் கேட்டுட்டு, அப்பறம் ரெண்டு பேருகிட்டயும் ஒரே பூவாளியக் குடுத்து பயறுச் செடிக்குத் தண்ணி ஊத்த அனுப்புனாங்க. வீட்டுக்கு வந்து அவன் செடியப் பத்தித்தான் பேசுனான், அடியப் பத்திப் பேசவே இல்ல. அவங்களும் தினக்கூலிதான், மார்ச்சோட போயிட்டாங்க.

2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கு, அதுல 17வது பிரிவு அடிக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லல, மனசளவுலயும் புள்ளையத் துன்புறுத்தக்கூடாதுன்னு சொல்லுது. 29வது பிரிவு புள்ளைங்க பயம் இல்லாம படிக்கோணும்னு சொல்லுது. 2012ல தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் குடுத்த வழிகாட்டுதல்ல பட்டப்பேரு வெச்சுக் கூப்பிடறது, குடும்பத்த வெச்சுக் கேலி பண்றது, அவமானப்படுத்தித் திருத்தப் பாக்கறது எல்லாமே மனசளவுல துன்புறுத்தறதுலதான் சேத்திருக்காங்க. இத உங்களுக்குப் பாடம் எடுக்கறதுக்காக எழுதல, எங்களுக்கும் தெரியும்னு சொல்லத்தான் எழுதறேன். குழந்தைங்க உதவிக்கான 1098க்குப் போன் போடுன்னு பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு தடவ சொல்லிட்டாங்க, நான் போடல. நம்ம ஸ்கூல் நம்மளே சரி பண்ணிக்கலாம்னுதான் இன்னும் நெனைக்கறேன்.

சொல்ல ஆரம்பிச்சா நெறைய வருதுங்க. ஸ்கூல்ல இருந்து வர்ற நோட்டீஸ் பூரா மலையாளம், வாட்ஸ்அப்புல வர்றதும் மலையாளம், மீட்டிங் முடிஞ்சா மினிட்ஸ் புக்க நீட்டறாங்க கையெழுத்துப் போடறோம், என்ன எழுதியிருக்குன்னு எங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. எஸ்.எம்.சி.ல முக்கால்வாசிப் பேரு பேரன்ட்ஸா இருக்கோணும், பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கோணும்னு சட்டத்துல இருக்கு, இருக்கறோம், உக்கார்றோம், டீ குடிக்கறோம், எந்திரிச்சு வர்றோம். இந்த சார்ட்டு மாட்டும்போது எங்கள யாரு கேட்டாங்க? 1956 நவம்பர் 1ல கேரளா உருவானப்ப எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைன்னு நம்ம தமிழ் பேசற ஊருங்க எல்லாம் கேரளாவுல சேந்துச்சு, அதே வருசம் அரசியல் சட்டத்துல 350ஏ-ன்னு சேத்து சிறுபான்மை மொழிக்காரங்க புள்ளைங்களுக்கு ஆரம்பப் பள்ளில தாய்மொழில சொல்லிக் குடுக்க வசதி செய்யோணும்னு எழுதுனாங்க. எங்க அப்பாரு காலத்துல இருந்து அதத்தான் கேட்டுட்டு இருக்கோம். பொள்ளாச்சிக்குப் போனா மலையாளத்துக்காரிங்கறாங்க, பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டுல வாயத் தொறந்தா தமிழ்க்காரின்னு எளக்காரமா பாண்டிங்கறாங்க. அந்தப் பேச்சு ஸ்கூல் வராண்டாலயும் புள்ளைங்க வாய்ல வருது டீச்சர், அதுக்கு எந்த ஸ்டிக்கரும் ஒட்டி நான் பாக்கல. ஒட்டவும் வேண்டாம், கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுனாப் போதும்.

மன்னிச்சுக்கோங்க, எங்கயோ போயிட்டேன். போஸ்ட் போடறது உங்க கைல இல்ல, எனக்குத் தெரியும், அதுக்கு ஏஈஓ (உதவிக் கல்வி அதிகாரி) ஆபீசுக்கு நாங்களே தனியா மனு குடுக்கறோம், நீங்களும் ஒரு லெட்டர் வெச்சீங்கன்னா உதவியா இருக்கும். சார்ட்டு உங்க கைல இருக்கு. அத எடுக்கறதுக்கு ஆர்டரும் வேண்டாம் பணமும் வேண்டாம்.

எடுத்துட்டு, முடிஞ்சா ஒரு கிளாஸ் பிடிஏ கூப்பிடுங்க, தமிழ்லயும் பேசுங்க. எந்தப் புள்ளைக்கு என்ன கஷ்டம்னு டீச்சருக்குத் தெரியற மாதிரி நாங்க சொல்றோம், கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு நீங்க சொல்லுங்க, செவுத்துல எழுத வேண்டாம், எங்ககிட்ட நேரா சொல்லுங்க. பாஷை புரியாத நேரத்துல உதவிக்கு எங்கள்ல ரெண்டு அம்மாமாரு மாத்தி மாத்தி வந்து கிளாஸ்ல உக்காரத் தயாரா இருக்கோம், பேசி வெச்சுட்டுத்தான் எழுதறேன். என் பையன மொத பெஞ்சுக்கு மாத்தி விடுங்க, கண்ணாடி வர்றதுக்கு இன்னும் நாலு நாளு ஆகும்னு சொல்லியிருக்காங்க. அப்பறம் அசம்பிளில அத்தன பேரு முன்னாடி சொன்ன வார்த்தைய, அத்தன பேரு முன்னாடி வேண்டாம், அவன மட்டும் கூப்பிட்டு நீ திருடன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சொன்னா அவன் நம்ப மாட்டேங்கறான், டீச்சர் சொல்லோணுங்கறான்.

திங்கக்கிழமை பத்து மணிக்கு அவனக் கொண்டு விட நானே வர்றேன். சார்ட்ட எடுத்ததுக்கப்பறம் செவுத்துல பசை அடையாளம் இருந்தா அப்படியே விட்டுருங்க, துணியும் தேங்கெண்ணையும் கொண்டு வர்றேன், நானே தொடச்சுக் குடுத்துட்டுப் போறேன்.

இப்படிக்கு,
ரெண்டாங்கிளாஸ் தமிழ் டிவிஷன் பையனோட அம்மா