இணைப்பு விமானத்துக்கு மாறும் பயணிகளின் பெட்டிகளும் சுங்கச் சோதனையும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
வெளிநாட்டிலிருந்து உள்நாட்டு விமானம் மாறி ஊர் திரும்பும் பயணி ஒருவர்

பெறுநர்:
உயர்திரு சுங்கத் துறைத் தலைமை ஆணையர் அவர்கள்,
பன்னாட்டு விமான நிலையங்கள் பிரிவு

பொருள்: வெளிநாட்டு விமானத்தில் வந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறுகிறவர்கள், நாட்டுக்குள் நுழையும் முதல் நிலையத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் முடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கவும், பெட்டியைத் திரும்ப ஒப்படைக்கும் வசதியைச் சீர்செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்த மனுவோடு ஒரு பெட்டிப் பட்டையின் நகலை இணைத்திருக்கிறேன். செக்-இன் கவுன்டரில் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி ஒட்டுவார்களே, அந்த வெள்ளைப் பட்டைதான். அதில் பார்கோடு இருக்கிறது, பத்து இலக்க எண் இருக்கிறது, நான் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. நடுவில் நான் இறங்கி மாறிய நிலையத்தின் குறியீடும் உண்டு. ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டும். அந்தப் பட்டையை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

புறப்பட்ட இடத்தில், பெட்டியை எங்கே எடுக்க வேண்டும் என்று கவுன்டரில் இருந்தவரிடம் கேட்டேன். "கடைசி வரைக்கும் போட்டாச்சு, கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி இரண்டு போர்டிங் பாஸையும் கையில் கொடுத்தார். முதல் நிலையத்தில் இறங்கி, குடிவரவு முடித்து, 'இணைப்பு விமானங்கள்' என்று அம்புக்குறி காட்டிய பக்கம் நடந்தேன். பெல்ட்டுகளைத் தாண்டித்தான் போனேன். அங்கே சுற்றிக்கொண்டிருந்த பெட்டிகளில் என்னுடையதும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோள்பை ஒன்றோடு, சுங்கத்தில் காட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் வெளியே வந்துவிட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்நாட்டுப் பகுதிக்குப் போகும் வழியில், ட்ராலியில் பெட்டிகளோடு ஒரு குடும்பம் வரிசையில் நின்றது. என் போர்டிங் பாஸைப் பார்த்த அந்த அம்மா, "நாமெல்லாம் ஒரே விமானத்தில்தானே வந்தோம், உங்கள் பெட்டி எங்கே?" என்று கேட்டபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

திரும்பிப் போக முடியவில்லை. சுங்கக் கதவு ஒருவழிக் கதவு; வெளியே வந்தால் வந்ததுதான். காவலர் விமான நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார், நிறுவனக் கவுன்டரில் ஆள் இல்லை, பிறகு வந்தவர் உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்கி வரச் சொன்னார். எல்லாம் முடிந்து உள்ளே போனால் பெல்ட் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரு தூணில் சாய்த்து வைத்த நான்கைந்து பெட்டிகளில் என்னுடையதும் இருந்தது, மேலே வெள்ளைச் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறியோடு. எக்ஸ்-ரேயில் ஏதோ கனமான உலோகம் தெரிந்திருக்கிறது. அலுவலர் திறக்கச் சொன்னார். உள்ளே, துணிகளுக்கு நடுவில், பழைய தையல் எந்திரத்தின் மோட்டார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே "சரி, எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். இரண்டு நிமிட வேலை. ஆனால் அதற்குள் என் உள்நாட்டு விமானம் கிளம்பிவிட்டது. அடுத்தது மறுநாள் காலையில்.

அந்த அலுவலர் மீது எனக்குத் துளியும் குறை இல்லை. சுங்கச் சோதனை வேண்டாம் என்று கேட்கவும் இந்த மனுவை எழுதவில்லை. உள்நாட்டு விமானம் இறங்கும் இடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியும் பக்கத்து ஊரிலிருந்து வந்த பெட்டியும் ஒரே பெல்ட்டில் வரும். அங்கே எதைப் பிரித்துச் சோதிப்பது? அதனால் நுழைவாயிலிலேயே பார்த்து அனுப்புகிறார்கள். இது நியாயம்தான். அமெரிக்காவிலும் இதே முறைதான்: பட்டை கடைசி ஊர் வரைக்கும் போட்டிருந்தாலும், முதலில் இறங்கும் நிலையத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து மறுபடி ஒப்படைத்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போகிறது. வெளியிலிருந்து வந்து ஒன்றியத்துக்குள் விமானம் மாறுகிறவரின் கைப்பையை முதல் நிலையத்தில் பார்க்கிறார்கள். விமானத்தின் அடியில் போட்ட பெட்டியைக் கடைசி நிலையத்தின் சுங்கத்தில் பார்க்கிறார்கள். டப்ளின், அபுதாபி போன்ற நிலையங்களிலோ, அமெரிக்கா செல்கிறவர்களுக்கு விமானம் ஏறும் முன்பே அமெரிக்க அதிகாரிகள் குடிவரவையும் சுங்கத்தையும் முடித்துவிடுகிறார்கள். அங்கே போய் இறங்குவது உள்நாட்டுப் பயணம் மாதிரிதான்.

எந்த முறை சிறந்தது என்பதைத் தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பயணிக்கு எந்த முறையும் சரிதான், அது எது என்று முன்பே தெரிந்தால் போதும். இப்போது தெரிவதில்லை. ஒரு நாட்டில் பெட்டி தானாகப் போகிறது, இன்னொரு நாட்டில் போவதில்லை, பட்டை மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டுகிறேன். பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதித்தொகுப்பான 9ஆம் பிற்சேர்க்கை (Annex 9), வழக்கமான சோதனை மட்டும் தேவைப்படும் பயணிகள் விமானத்தை விட்டு இறங்கிய 45 நிமிடங்களுக்குள் எல்லாச் சோதனைகளையும் முடித்து வெளியேற வேண்டும் என்பதை இலக்காக வைக்கப் பரிந்துரைக்கிறது. இணைப்புப் பயணிக்கு அதோடு முடிவதில்லை. பெட்டியை மறுபடி ஒப்படைக்க ஒரு வரிசை, பாதுகாப்புச் சோதனைக்கு இன்னொரு வரிசை, சில இடங்களில் வேறு முனையத்துக்குப் பேருந்து. இரண்டு மணி நேர இடைவெளியில் டிக்கெட் விற்கிறவர்கள் இதையெல்லாம் கூட்டிப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பெட்டி தூணில் சாய்ந்து கிடந்த அந்த நேரத்தில் அது யார் பொறுப்பில் இருந்தது என்றும் கேட்டேன். விமான நிறுவனத்தார் சுங்கத்தைக் காட்டினார்கள், சுங்கத்தில் விமான நிறுவனத்தைக் காட்டினார்கள். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி தன் பொறுப்பில் இருக்கும் காலத்தில் நேரும் சேதத்துக்கு விமான நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். சேதமானால் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமானால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நடுவழியில் நாமே எடுத்து, நாமே திறந்து காட்டி, நாமே திரும்பப் போடும்போது, எந்த நிமிடம் வரை யார் பொறுப்பு என்பதற்குச் சான்றாக ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

பெட்டியைத் திரும்பக் கொடுக்கும் இடத்தில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. வரியில்லாக் கடையில் வாங்கிய பாட்டிலைக் கையில் வைத்திருப்பவர், அடுத்த பாதுகாப்புச் சோதனையில், கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவப் பாட்டில் கூடாது என்ற கட்டுப்பாட்டில் மாட்டாமல் இருக்க அதைப் பெட்டிக்குள் வைக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுதான். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. அது பெட்டிக்குள் போகக் கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். ஆக அந்த இடத்தில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, ஒன்றை உள்ளே போட்டு இன்னொன்றை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மேசை இல்லை, எடை பார்க்க ஒரு தராசு இல்லை. தனித்தனி டிக்கெட்டில் வருகிறவர்களுக்கு எடைதான் பெரிய தலைவலி. வெளிநாட்டு விமானத்தில் அனுமதித்த எடையை உள்நாட்டு நிறுவனம் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. விமானத்தைத் தவறவிட்டால் அவர்களுக்கு மாற்று இருக்கையும் கிடையாது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இவை.

முதலில் அறிவிப்பு. இந்த நாட்டில் இறங்கும் ஒவ்வொரு விமான நிறுவனமும், உள்நாட்டு இணைப்பு உள்ள பயணியின் போர்டிங் பாஸிலும் பெட்டிப் பட்டையிலும், "முதல் நிலையத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் முடிக்கவும்" என்று அச்சிட வேண்டும் எனத் தாங்கள் உத்தரவிட வேண்டும். தரையிறங்கும் முன் விமானத்துக்குள்ளும் இதை அறிவிக்கலாம். வரியில்லாப் பொருள் விற்பனைக்கு அறிவிப்புச் செய்ய நேரம் கிடைக்கிறதே, இதற்கு அரை நிமிடம் போதும். அப்புறம், பெல்ட்டைத் தாண்டிப் போகிற இடத்தில் தொங்கும் 'இணைப்பு விமானங்கள்' பலகைக்குக் கீழே, "பெட்டியை எடுத்துவிட்டீர்களா?" என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். ஒருவழிக் கதவுக்கு முன்னால் ஒரு ஆள் நின்று இதையே வாயால் கேட்டால் இன்னும் நல்லது.

அடுத்து, பெட்டியைத் திரும்ப ஒப்படைக்கும் கவுன்டர் சுங்கத்தைத் தாண்டியவுடன், வெளி வாசலுக்கு முன்பே இருக்க வேண்டும். நள்ளிரவில் வெளிநாட்டு விமானம் இறங்கினாலும் அங்கே ஆள் இருக்க வேண்டும். பெட்டியை வாங்கும்போது பட்டையை ஸ்கேன் செய்து, நேரம் குறித்த சீட்டு ஒன்றைத் தர வேண்டும். பெட்டியை ஒப்படைப்பது, விமானத்தில் ஏற்றுவது, மாற்றுவது, திரும்பத் தருவது ஆகிய நான்கு கட்டங்களிலும் கண்காணிக்க வேண்டும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 753ஆம் தீர்மானம் 2018 ஜூன் முதல் நடைமுறையில் இருப்பதால், கருவி புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கூடவே ஒரு மேசையும் தராசும் போட்டுவிட்டால் தரையில் உட்காரும் வேலை மிச்சம்.

சோதனைக்காகப் பெட்டி நிறுத்தப்பட்டு, அதனால் விமானம் தவறினால், எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு விடுவித்தார்கள் என்று எழுதி முத்திரையிட்ட சீட்டு ஒன்று தர வேண்டும். அது கையில் இருந்தால் அடுத்த விமானத்தில் இடம் கேட்பது எளிது. என்னிடம் அது இல்லாததால், நான் கடையில் சுற்றிக்கொண்டிருந்ததாக விமான நிறுவனத்தார் நினைத்துக்கொண்டார்கள்.

போகும் திசையையும் மறக்க வேண்டாம். விலையுயர்ந்த கேமராவோ நகையோ கொண்டுபோகிறவர், திரும்பி வரும்போது வரி கேட்கக் கூடாது என்பதற்காகப் புறப்படும் முன் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்க நினைப்பார். அவர் உள்நாட்டு நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டால், சுங்க அலுவலர் இருக்கும் நிலையத்துக்கு வரும்போது பெட்டி கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருக்கும். இந்த எச்சரிக்கையை உள்நாட்டுச் செக்-இன் கவுன்டரிலேயே ஒட்டிவைக்க வேண்டும்.

நீண்ட கால யோசனையாக ஒன்று: கடைசி நிலையத்திலும் சுங்க அலுவலகம் இருந்தால், இணைப்புப் பயணிகளின் பெட்டிகளை மட்டும் தனிப் பெல்ட்டில் இறக்கி அங்கேயே சோதிக்க முடியுமா என்று ஆராய வேண்டுகிறேன். இதற்கு நாளாகும் என்பது தெரியும். அறிவிப்புப் பலகைக்கு நாளாகாது. அதையாவது அடுத்த விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் வைத்துத் தருமாறும், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்குமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பெட்டிப் பட்டையின் நகல், இரண்டு போர்டிங் பாஸ்களின் நகல்.