ஜார்மதி வீட்டைப் பற்றி மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பச்சி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆத்தாவும் ஆயாவும் நலம். புடாபெஸ்ட்டில் உன் பல்கலைக்கழகத்தில், நீரில் பந்தாடும் வாட்டர் போலோ அணியில் உன்னைச் சேர்த்துக்கொண்டதையும், பயிற்சியாளர் ஓயாமல் அந்த ஆட்டத்தின் ஹங்கேரி வீரர் தெஜோ ஜார்மதியின் பெயரைச் சொல்வதையும் நீ எழுதியதிலிருந்து, அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்து வருகிறேன்.

1948இல் லண்டனில் வெள்ளி, 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்போர்னிலும் தங்கம், 1960இல் ரோமில் வெண்கலம், 1964இல் டோக்கியோவில் மறுபடியும் தங்கம் என்று அடுத்தடுத்த ஐந்து ஒலிம்பிக்கிலும் வெறுங்கையோடு திரும்பாதவர் அவர். கோல் காப்பவரைத் தவிர மற்ற எவரும் ஒரு சமயத்தில் ஒரு கையால் மட்டுமே பந்தைத் தொடலாம் என்ற விதியுள்ள ஆட்டத்தில், அவருக்கு இரண்டு கைகளும் ஒன்றுபோல வாய்த்திருந்தன. இடக்கையைப் பழக்கிவருவதாக நீ எழுதியதன் காரணம் இப்போது புரிகிறது.

ஆனால் அவருடைய வேர் மிஷ்கோல்ட்ஸ் நகரம் என்று நீ முடித்துவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. 1927இல் அவர் அங்கே பிறந்தது உண்மை. ஆயினும் அவரைத் தாங்கிய வேர் அவர் அமைத்துக்கொண்ட குடும்பத்தில் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் மணந்த ஏவா செகெய் யூதப் பெண். அந்த ஒரே காரணத்துக்காக 1941இல், பதினான்கு வயதில், நீச்சல் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். போரின் கடைசிக் காலத்தில், புடாபெஸ்ட்டில் சுவிட்சர்லாந்தின் பாதுகாப்பில் இருந்த ஒரு வீட்டில் பலரோடு நெருக்கியடித்து ஒளிந்திருந்தபோது, நீந்த வழியில்லாததால், காலைதோறும் ஐந்து மாடிப் படிகளை நூறு முறை ஏறி இறங்கி உடலைக் காத்துக்கொண்டார். 1952இல் கணவர் தங்கம் வென்ற அதே ஹெல்சிங்கியில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் அவரும் தங்கம் வென்றார். ஜார்மதியின் ஐந்து பதக்கங்களையும்விட அந்தப் படிக்கட்டு ஓட்டத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1956 அக்டோபர் 23ஆம் நாள், ஜார்மதியின் இருபத்தொன்பதாவது பிறந்த நாளன்று, ஹங்கேரியில் புரட்சி வெடித்தது. இரண்டு வயது மகள் ஆந்த்ரியாவை ஊரில் விட்டுவிட்டு இருவரும் மெல்போர்னில் இருந்தபோது, சோவியத் டாங்கிகள் புரட்சியை நசுக்கிய செய்தி வந்தது. மகளையும் பெற்றோரையும் நினைத்து உடல் மெலிந்துபோன ஏவா அந்த முறை வெள்ளி வென்றார். டிசம்பர் 6ஆம் நாள் ஹங்கேரி சோவியத் அணியை 4-0 என வீழ்த்திய ஆட்டத்தில், ஹங்கேரியின் இளம் வீரர் எர்வின் சாதோரின் கண்ணருகே அடிபட்டு ரத்தம் வழிந்ததை உலகம் இன்றும் பேசுகிறது. அணித் தலைவராக அந்தத் தண்ணீரில் நின்ற ஜார்மதிக்கு, பிள்ளை எப்படி இருக்கிறதோ என்ற நினைப்பும் கூடவே இருந்திருக்கும். 1942இல் பர்மாவில் கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தே வந்த நம் ஐயாவின் கதையை ஆயா சொல்லும்போதெல்லாம், இங்கே செய்தி வராமல் வளவில் காத்திருந்த ஆச்சிமாரைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். இந்தக் குடும்பத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

பின்னர் சில காலம் அமெரிக்காவில் இருந்த அவர்கள் ஹங்கேரிக்கே திரும்பினார்கள். தாயிடமே பயின்ற ஆந்த்ரியா 1972இல் மியூனிக்கில் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் வெள்ளியும், வண்ணத்துப்பூச்சி நீச்சலில் வெண்கலமும் வென்றார். ஆந்த்ரியா மணந்த மிஹாய் ஹெஸ் 1968இல் துடுப்புப் படகில் தங்கம் வென்றவர். ஜார்மதியோ பயிற்சியாளராகி 1976இல் மொன்ட்ரியலில் ஹங்கேரிக்குத் தங்கம் பெற்றுத்தந்தார்.

மார்கிட் தீவில் 1930இல் திறக்கப்பட்ட நீச்சல் குளத்தை, 1896இல் ஹங்கேரியின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஆல்ஃபிரட் ஹாயோஷே வடிவமைத்தாராம். அங்கே ஒரு நாள் போய் வா. கண்மாயில் நீச்சல் பழகிய உனக்கு அதில் இறங்க வாய்த்தால் எனக்குப் பெருமைதான். உன் பயிற்சியாளரிடம் ஏவாவைப் பற்றியும் கேட்டு விரிவாக எழுது. ஆயாவுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பச்சி