பாட்டுக்காரர் கதையைச் செய்தி மாதிரி வாசிக்காதீர்கள்: தமிழ் ஒலிப்புத்தகம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் ஒலிப்புத்தகம் தயாரிக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவன். புழு கூடு கட்டுவதற்கு முந்தின கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு வேலை ஓடாது. மல்பெரிக் குச்சியை வெட்டிக் கட்டித் தூக்கிவந்து அடுக்கடுக்காகப் பரப்ப வேண்டும். கடைசி அடுக்கைப் போட்டு முடிப்பதற்குள் முதல் அடுக்கில் வெறும் குச்சிதான் மிஞ்சியிருக்கும். கைக்கு ஓய்வில்லை, காது மட்டும் சும்மா கிடக்கும். அதனால் போனை ஒரு பையில் போட்டு ஷெட்டுச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டுப் புத்தகம் கேட்கத் தொடங்கினேன். நாவல் எனக்கு ஒத்துவரவில்லை. நடுவில் மோட்டார் போட்டுவிட்டு வந்தால் யார் யாருக்குத் தம்பி என்பது மறந்துபோகிறது. பாடகர்கள், நடிகர்கள், மேடையில் ஊரைச் சிரிக்க வைப்பவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகங்கள்தான் பிடித்துப்போயின. எந்த இடத்தில் விட்டாலும் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். இரண்டு நாளில் பேசுகிறவர் பழகின ஆளாகிவிடுகிறார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தன் கணக்கில் ஆங்கிலப் புத்தகங்களை வாங்கித் தருகிறான். அவற்றைக் கேட்கக் கேட்கத்தான் உங்களுக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

தென்னாப்பிரிக்க நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் பிறந்தவர். அம்மா கறுப்பினத்தவர், அப்பா சுவிட்சர்லாந்துக்காரர். அன்றைய நிறவெறிச் சட்டப்படி அந்த உறவே குற்றம். ‘பார்ன் எ கிரைம்’ என்ற தன் வரலாற்றை அவரே வாசித்திருக்கிறார். அந்த ஊரில் அவர் பிழைத்ததே பல பாஷை பேசத் தெரிந்ததால்தான். ஹோசா, ஜூலு என்ற அந்த நாட்டுப் பாஷைகளின் வாக்கியங்கள் அச்சில் வந்தால் நானெல்லாம் கண்ணால் தாண்டிப் போய்விடுவேன். அவர் வாயால் கேட்கும்போது ஒரு பாஷையிலிருந்து இன்னொன்றுக்கு அவர் தாவுவது அப்படியே காதில் விழுகிறது. அம்மா அதட்டும்போது குரல் அம்மாவாகவே மாறிவிடுகிறது.

அமெரிக்கப் பாடகியும் நடிகையுமான பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 2023இல் வெளியிட்ட தன் வரலாறு 48 மணி நேரம் ஓடுகிறது. மலைத்துப்போனேன், ஆனால் சலிக்கவில்லை. வாசித்துக்கொண்டே வருகிறவர் திடீரென்று அச்சில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி வரிக்குத் திரும்புகிறார், பாட்டும் நடுநடுவே ஒலிக்கிறது.

அதற்காக எல்லாக் கலைஞரும் தாங்களே முழுக்க வாசித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. கிதார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் தன் புத்தகத்தில் கொஞ்சம்தான் வாசிக்கிறார், மீதியை நடிகர் ஜானி டெப்பும் பாடகர் ஜோ ஹர்லியும் பகிர்ந்துகொண்டார்கள். பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் தன் புத்தகத்தில் முன்னுரையோடு நிறுத்திக்கொண்டார். பட்டதையெல்லாம் திரும்பச் சத்தமாகச் சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்தது, அதனால் நடிகை மிஷெல் வில்லியம்ஸ் வாசித்தார். அதுவும் சரிதான். கவனித்தீர்களா, இரண்டு இடத்திலும் மாற்றுக்கு வந்தவர்கள் மேடையையோ காமிராவையோ தெரிந்தவர்கள்.

அப்புறம் தமிழுக்கு வருகிறேன். கல்கியின் சரித்திர நாவல்களுக்கு நீங்கள் காட்டும் அக்கறையில் பாதியாவது கலைஞர்களின் தன் வரலாற்றுக்குக் கிடைக்கக் கூடாதா? பழைய நாடக நடிகர் ஒருவரின் நினைவுகளை ஆசையாகப் போட்டுக் கேட்டேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. வாசித்தவர் குரல் நல்ல குரல், உச்சரிப்பில் ‘ழ’ எல்லாம் சுத்தம். ஆனால் பாட்டு வரும் இடத்தில் “பல்லவி” என்று சொல்லி நிறுத்தி, அந்த வரியை அணை நீர்மட்டம் சொல்கிற தொனியில் சொல்லி, “அனுபல்லவி” என்று அடுத்ததற்குப் போனார். அடைப்புக்குறிக்குள் ‘சிரிக்கிறார்’ என்று அச்சாகியிருந்ததை “சிரிக்கிறார்” என்றே வாசித்தார். ஷெட்டில் என் மனைவி மட்டும்தான் சிரித்தாள்.

எம்.ஆர். ராதா சிறை வாழ்க்கையையும் நாடகக் காலத்தையும் பேசப் பேச, எழுத்தாளர் விந்தன் கேட்டு எழுதிய புத்தகம் ஒன்று இருக்கிறது. அது முழுக்க வாய்ப்பேச்சு. கேள்வி ஒரு பக்கம், வெடுக்கென்று பதில் ஒரு பக்கம். அதைச் செய்தி வாசிப்பவர் குரலில் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காக மிமிக்ரிக்காரரை அழைத்து ராதா குரலில் கரகரவென்று பேச வைத்தாலும் நான் கேட்க மாட்டேன். பத்து நிமிடம் கைதட்டலாம், பத்து மணி நேரம் தாங்காது. நாடகம் தெரிந்த ஒருவர், எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்தவர், தன் சொந்தக் குரலில் வாசித்தால் போதும்.

இன்னும் இரண்டு புத்தகங்கள் உங்களுக்காகவே காத்திருக்கின்றன. ஒன்று பம்மல் சம்பந்த முதலியாரின் நாடக மேடை நினைவுகள். 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர், வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே நாடகம் எழுதி நடித்தவர். 1964இல் மறைந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்பது நம் நாட்டுக் காப்புரிமைக் கணக்கு, ஆக 2025 பிறந்ததோடு அந்தக் கவலையும் தீர்ந்தது. மற்றொன்று அவ்வை டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’. விக்கிமூலத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1918இல், ஆறு வயதில், அண்ணன்மாரோடு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடகக் குழுவில் சேர்ந்த பையன் அவர். அவர் நடிப்பதற்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ முழு நாடகத்தையும் ஒரே இரவில் எழுதி முடித்ததை அந்தப் புத்தகம் சொல்கிறது. பாட்டும் வசனமுமாக ஒரு ராத்திரியில்! அந்தப் பக்கத்தைக் கேட்கும்போது அபிமன்யுவின் பாட்டில் நாலு வரியாவது நாடக மெட்டில் காதில் விழ வேண்டாமா? ஒரு ஆர்மோனியம், பாடத் தெரிந்த ஒரு தொண்டை, அவ்வளவுதான் செலவு. இப்போது ஆளே வேண்டாம், கணினிக் குரலே வாசித்துவிடும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். உரத்தின் அளவு சொல்ல அது போதும். இதற்குப் போதாது.

இதெல்லாம் அச்சில் இருக்கிற புத்தகங்கள். எழுதவே எழுதாதவர்களைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் திரௌபதி அம்மன், தருமராஜா கோயில்களில் பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவதும், கடைசி நாள் மண்ணில் பெரிதாகத் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்துவதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். போட்டோ எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் படத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆடி முடித்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து “உங்கள் கதை என்ன” என்று கேட்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கூத்து வாத்தியார் இருக்கிறார். எனக்கு மாமா முறை. இளவயதில் பெண் வேஷம் கட்டியவர், பிறகு துரியோதனன், இப்போது முழங்கால் போய்விட்டதால் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் போனில் பதிவை ஓடவிட்டு, முதல் வேஷம் கட்டிய ராத்திரியைப் பற்றிக் கேட்டேன்.

“அதெல்லாம் எதுக்குப்பா உனக்கு? வெத்தலைபாக்கு வெச்சு அச்சாரம் குடுத்தாங்க, போனோம், ஆடினோம், வந்தோம்” என்றார்.

“திரௌபதி வேஷந்தானே மாமா?”

“ஆமா, துகில் உரியறது” என்றவர் அப்படியே விருத்தம் எடுத்துவிட்டார். வீட்டுத் திண்ணையில், பல் இல்லாத வாயோடு. இரண்டாவது அடியில் நிறுத்தி, “இந்த எடத்துலதான் பெட்ரோமாக்ஸ் மேண்டில் உதிர்ந்துபோச்சு. இருட்டு. எங்க வாத்தியாரு, நிறுத்தாதடா பாடுன்னாரு” என்று சொல்லிவிட்டு மூன்றாம் அடிக்குப் போனார். அந்த இருட்டில் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி “அழுவாத தாயி” என்று கத்தினது, அப்போது தனக்குக் குரல் உடைந்தது, உடைந்ததையே ஊர் மெச்சியது என்று எல்லாம் அந்த விருத்தத்தின் அடிகளுக்கு நடுவில்தான் வந்தது. பாட்டை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். “பாடினாத்தாம்பா ஞாபகம் வருது” என்றார்.

இவரைப் பேட்டி எடுத்து, எழுதி, திருத்தி, புத்தகமாக்கி, பிறகு சென்னையில் யாரையாவது வைத்து வாசிக்க வைத்தால் என்ன மிஞ்சும்? முதலிலேயே ஒலியாக எடுங்கள். அச்சு பிறகு வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. அவர் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் கலந்து வரும், எங்கள் பக்கத்துப் பேச்சே அப்படித்தான். அதைத் திருத்தச் சொல்லாதீர்கள். இருமலை வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கலையைக் காப்பாற்றுகிறோம் என்று வருகிறவர்கள் ஒரு சால்வையோடு போய்விடுவது வழக்கம். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கு என்று தனி உரிமை இருக்கிறது, அது 50 ஆண்டு நிற்கும். திண்ணையில் பாடிய விருத்தத்துக்கும் அது பொருந்தும். ஒரு ராத்திரிக் கூத்துக்கு அவர் வாங்குகிற தொகைக்குக் குறையாமல் ஒவ்வொரு நாள் பதிவுக்கும் கொடுங்கள், விற்பனையில் பங்கும் எழுதுங்கள். ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். கையெழுத்து வாங்கும் முன் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அச்சாரம் வாங்கிப் பழகினவர்கள், பேசின பேச்சு மாறினால் அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார்கள்.

கூத்துக் காலத்தில் வராதீர்கள். மாசியிலிருந்து ஆடி வரைக்கும் ஒருவரையும் பிடிக்க முடியாது, பிடித்தாலும் தொண்டை கட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கையிலும் காசு இருக்காது. அப்போது வாருங்கள். ஸ்டுடியோவுக்கு அழைக்க வேண்டாம், மைக்கைக் கண்டால் ரேடியோ நாடகம் மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் அவர்களிடமே இருக்கின்றன. மின்சாரம் போகும், பேட்டரி கொண்டு வாருங்கள். தகரக் கூரை வீடு வேண்டாம், மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எங்கள் ஓட்டு வீட்டின் உள்கூடத்தைத் தருகிறேன். அந்தச் சமயம் ஷெட்டில் புழு இருந்தால் மட்டும் ஒரு வேண்டுகோள், கொசுவத்தி ஏற்றக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு பட்டுக்கூடு விவசாயி,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.