உள்ளூர் அரிசி ஏன் குறைந்துபோனது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"கள்ளந்திரிப் பக்கத்து அரிசி இருக்கா?" என்று, மதுரையை ஒட்டிய அந்த ஊர்ப்பக்கத்து அரிசியைக் கேட்டு வந்தவர்கள் பலரை இந்த ஆண்டு வெறுங்கையோடு அனுப்பும்படி ஆகிவிட்டது. வந்த கொஞ்சத்துக்கும் கிலோவுக்கு 4 ரூபாய் கூடியிருக்கிறது. மழை மட்டும் காரணமில்லை. அணையில் தண்ணீர் இருந்த போகத்திலும் நெல் வரத்து குறைந்தது. வயல்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருப்பதும் ஒரு காரணம்.

1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்குத் திரும்பியதால் செழித்த பூமி இது. வைகையின் குறுக்கே உள்ள பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர் என்பது அரசுக் கணக்கு. மதுரை வளர்வதும் இந்தப் பக்கம்தான். 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை தாண்டியும் மனைக்கற்கள் ஊன்றியாயிற்று.

விற்ற வயலோடு பாதிப்பு நிற்பதில்லை. ஒரு மடைக்குக் கீழே நடுவில் இருக்கும் இரண்டு ஏக்கரை வாங்கி, கிராவல் அடித்து மேடாக்குகிறார்கள். வாய்க்கால் இருந்த இடத்தில் ஒரு பைப்பைப் பதிக்கிறார்கள். அதில் பிளாஸ்டிக் பை அடைத்துக்கொள்கிறது. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. ஐப்பசி மழையிலோ, மேட்டுக்கு மேல்பக்கத்து வயலில் தண்ணீர் வடிய வழியில்லாமல் பயிர் அழுகுகிறது. சுற்றிலும் தரிசாகக் கிடக்க ஒருவர் மட்டும் நட்டால் எலியும் மயிலும் மொத்தமாக அங்கேதான் இறங்கும். அறுப்பு மெஷின் போன பாதையில் இப்போது காம்பவுண்டுச் சுவர். அப்புறம் அவரும் விற்றுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

2016-இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. மறு ஆண்டே, அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் அரசின் வரன்முறைத் திட்டம் வந்து, ஏற்கெனவே விற்றிருந்த மனைகளுக்கு வழி கிடைத்தது. மேடாக்கிய வயல் மேடாகவே இருக்கிறது.

எங்களால் ஆனது இவ்வளவுதான்: நெல் எந்த ஊரில் விளைந்தது என்று இனி மூட்டையிலேயே எழுதி ஒட்டுவோம். தஞ்சாவூர் நெல் என்றால் தஞ்சாவூர் என்றே இருக்கும். கூடுதலாக வாங்கும் 4 ரூபாயும் நெல் விலையாக விவசாயிக்கே போகிறது. தை அறுப்பு நெல்லை இருப்பு வைத்து, சித்திரைக்கு மேல்தான் அரைப்போம்; புது அரிசி குழைந்துவிடும். வீட்டுக்கு எத்தனை மூட்டை வேண்டும் என்று மார்கழிக்குள் கடையில் சொல்லி வையுங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
கீழமாசி வீதி அரிசிக்கடையார்